அறிக்கையில் ஒரு வரி: பதின்மூன்றாம் குரோமோசோமில் காணாமற்போனது என்ன?

புறநோயாளிகள் பிரிவில் காத்திருப்போரின் மடியில் பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். அதிலுள்ள அறிக்கைகளை அவர்கள் பலமுறை படித்திருப்பார்கள். மருத்துவரைப் பார்க்கும் முறை வருவதற்குள் அவற்றில் ஏதேனும் ஒரு வரி மனத்தில் முள்ளாய்த் தைத்திருக்கும். அத்தகைய ஒரு வரியைப் பற்றியதே இம்மாதப் பாடம்.

சி.எல்.எல். என்று சுருக்கமாக வழங்கும் நாட்பட்ட நிணவணு இரத்தப் புற்றுநோய் உள்ள ஒரு பெரியவரும் அவருடைய மகனும் வந்திருந்தனர். (எந்தக் குடும்பத்தையும் அடையாளம் காட்டிவிடலாகாது என்பதற்காகப் பல குடும்பங்களின் அனுபவத்தை இங்கே ஒன்றாக்கிச் சொல்கிறேன்.) கண்புரை அறுவைச் சிகிச்சைக்கு முன்பாகச் செய்த சாதாரண இரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்கள் மிகுந்திருப்பது தெரியவந்து, அதன் தொடர்ச்சியாக நோய் கண்டறியப்பட்டது. பெரியவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. நடைப்பயிற்சி, கோயில், பேரப்பிள்ளைகள் என்று வழக்கம்போல் இருந்தார். ஆகவே மருந்து எதுவும் இப்போது வேண்டாம், மூன்று மாதத்திற்கு ஒருமுறை பார்த்துக்கொள்வோம் என்று கூறியிருந்தேன். குரோமோசோம் மாற்றங்களைக் காட்டும் ஃபிஷ் பரிசோதனையின் அறிக்கை அன்று வந்திருந்தது. அதில் "13க்யூ14 நீக்கம் உள்ளது" என்ற வரியை மகன் சிவப்பு மையால் அடிக்கோடிட்டிருந்தார்.

"டாக்டர், அப்பா உடம்புல ஒரு பகுதி இல்லைன்னு போட்டிருக்காங்க. நீங்க மருந்தே வேண்டாம்னு சொல்றீங்க. இதை எப்படி எடுத்துக்கிறது?"

உறைக்குள் மேலும் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று, 2024 அக்டோபரில் மைக்ரோ ஆர்.என்.ஏ.வைக் கண்டறிந்தவர்களுக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட செய்தி நறுக்கு. மற்றொன்று, அதே மைக்ரோ ஆர்.என்.ஏ.வைக் கொண்டு எல்லாப் புற்றுநோய்களையும் ஒரே இரத்தத் துளியில் கண்டுபிடிப்பதாகக் கூறும் ஒரு விளம்பரம். இந்த இரண்டுக்கும் தந்தையின் அறிக்கைக்கும் ஏதேனும் தொடர்பு உண்டா என்று அவர் கேட்டார். செய்தி நறுக்குக்கும் அறிக்கைக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டு. அதுவும் நெருங்கிய தொடர்பு. விளம்பரத்தின் கதை வேறு. அன்று பத்து நிமிடத்தில் சொல்ல இயலாததை இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

'போதும்' என்று சொல்பவர்

நம் உயிரணு ஒவ்வொன்றிலும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை உள்ளது. உடலுக்கு வேண்டிய புரதங்களைச் செய்யும் குறிப்புகள் அதில் எழுதப்பட்டுள்ளன. ஒரு பெரிய கல்யாணச் சமையலை எண்ணிப் பாருங்கள். முழுச் சமையல் குறிப்பும் ஒரே பேரேட்டில் இருக்கிறது. பேரேடு அறையை விட்டு வெளியே வராது. எது வேண்டுமோ அதை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அடுப்படிக்கு அனுப்புகிறார்கள். அந்தச் சீட்டுத்தான் தூது ஆர்.என்.ஏ. அடுப்படியில் ஆகும் பண்டம் புரதம்.

நான் எம்.பி.பி.எஸ். பயின்ற காலத்தில் ஆர்.என்.ஏ. என்றால் ஏறக்குறைய இவ்வளவுதான். தூது செல்வது, புரதம் கட்டும் பணியில் உதவுவது என்பதற்கு மேல் தேர்வில் கேள்வி வராது. மனித டி.என்.ஏ.வில் புரதத்துக்கான குறிப்பு இரண்டு சதவீதத்திற்கும் குறைவு. எஞ்சியதில் பெரும்பகுதியைக் 'குப்பை' என்று அறிஞர்கள் சிலர் கூசாமல் அழைத்த காலம் அது.

ஆனால் கல்யாணச் சமையலில் இன்னொருவரும் உண்டு. எதையும் சமைக்காமல், அடுப்படிக்கும் பந்திக்கும் இடையே நின்று, "இந்தப் பண்டம் போதும், சீட்டைக் கிழித்துவிடு" என்று சொல்பவர். அவர் இல்லாவிட்டால் வடை மலையாய்க் குவியும்; பாயசத்துக்குப் பாத்திரம் இருக்காது. மைக்ரோ ஆர்.என்.ஏ. உயிரணுவில் செய்யும் வேலை அதுவே. அது ஏறக்குறைய 22 எழுத்துகள் மட்டுமே கொண்ட மிகச் சிறிய ஆர்.என்.ஏ. துண்டு. தனக்குப் பொருந்தும் எழுத்து வரிசை எந்தத் தூது ஆர்.என்.ஏ.வில் உள்ளதோ அதன்மேல் ஒட்டிக்கொண்டு, அதிலிருந்து புரதம் உருவாவதைத் தடுக்கிறது. அல்லது அச்சீட்டையே சிதையச் செய்கிறது. தானாக எந்தப் புரதத்தையும் உருவாக்காததால் இதையும் இதன் இனத்தைச் சேர்ந்த பிறவற்றையும் புரதக் குறியீடு இல்லாத ஆர்.என்.ஏ. என்கிறோம்.

ஒரு மில்லிமீட்டர்ப் புழு

இச்சிறு ஆர்.என்.ஏ.வை முதலில் கண்டவர் புற்றுநோய் ஆராய்ச்சியாளர் அல்லர். விக்டர் அம்ப்ரோஸ் 1953-இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பிறந்தார். அண்டை மாநிலமான வெர்மான்டின் கிராமப்புறத்தில் வளர்ந்தார். தந்தையார் இரண்டாம் உலகப் போருக்குப்பின் போலந்திலிருந்து வந்து குடியேறியவர். அம்ப்ரோஸ் எம்.ஐ.டி.யில் பயின்று, டேவிட் பால்ட்டிமோரின் வழிகாட்டலில் போலியோ வைரசைப் பற்றி ஆராய்ந்து 1979-இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் அங்கேயே ராபர்ட் ஹார்விட்சின் ஆய்வகத்தில் சேர்ந்தார். அங்கே அவர் கையில் கிடைத்தது ஒரு புழு.

சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்பது மண்ணில் வாழும் உருளைப்புழு. நீளம் ஒரு மில்லிமீட்டர். உடல் கண்ணாடிபோல் தெளிவானது. முழு வளர்ச்சியடைந்த புழுவின் உடலில் சரியாக 959 உயிரணுக்கள். எந்த உயிரணு எப்போது பிரிந்து எதுவாக மாறுகிறது என்பதை நுண்ணோக்கியில் கண்ணாலேயே தொடர்ந்து பார்த்து எழுதிவைத்துவிட்டார்கள். இத்தகைய புழுக்களில் சில பிறவிக் கோளாறு உடையவை. லின்-4 என்னும் மரபணு பழுதான புழு, இளம் பருவத்தில் செய்யவேண்டிய பிரிவுகளையே மீண்டும் மீண்டும் செய்துகொண்டிருந்தது. உடல் பெருத்ததே ஒழிய முதிர்ச்சி வரவில்லை. முட்டையிடும் உறுப்பும் உருவாகவில்லை. லின்-14 பழுதான புழுவோ இதற்கு நேர்மாறு: இளம் பருவத்தைத் தாண்டிக் குதித்து அவசரமாக முதிர்ந்தது.

உயிரணு தன் பருவத்தை மறந்து பிரிந்துகொண்டே இருப்பது என்பதைக் கேட்டதும் புற்றுநோயை அறிந்தவர்களுக்குச் சற்றே திடுக்கிடும். ஆனால் அன்று எவரும் அவ்வாறு நினைக்கவில்லை. புழுவைப் பற்றிய கேள்வியாகவே அது இருந்தது.

அதே ஆய்வகத்தில் கேரி ருவ்குன் என்பவரும் இருந்தார். லின்-4, லின்-14 ஆகிய இரண்டுக்கும் உள்ள உறவை இருவரும் ஆராயத் தொடங்கினர். பிறகு தனித்தனி ஆய்வகங்களுக்குச் சென்றனர்: அம்ப்ரோஸ் ஹார்வர்டுக்கு, ருவ்குன் பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக்கு. லின்-4 மரபணு எங்கே இருக்கிறது என்று தேடும் வேலையில் அம்ப்ரோஸுடன் ரோசலிண்ட் லீ, ரோண்டா ஃபைன்பாம் ஆகிய இருவரும் ஆண்டுக்கணக்கில் உழைத்தனர். தேடும் எல்லை குறுகிக் குறுகி, 700 எழுத்துகளுக்கும் குறைவான ஒரு சிறு துண்டுக்கு வந்து நின்றது. அதில் எந்தப் புரதத்திற்கான குறிப்பும் தெரியவில்லை. புரதக் குறிப்புபோல் தோன்றிய இடங்களை வேண்டுமென்றே கெடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் மரபணு தன் வேலையைச் செய்தது. அப்படியானால் வேலை செய்வது புரதமன்று. 22 எழுத்து நீளமுள்ள ஓர் ஆர்.என்.ஏ. துண்டே என்ற முடிவுக்கு வரவேண்டியதாயிற்று.

1992-இல் அம்ப்ரோஸும் ருவ்குனும் தத்தமக்குக் கிடைத்த எழுத்து வரிசைகளை ஒப்பிட்டுப் பார்த்தனர். லின்-4 துண்டின் எழுத்துகள், லின்-14 தூது ஆர்.என்.ஏ.வின் வால் பகுதியில் உள்ள எழுத்துகளோடு பூட்டும் சாவியும்போலப் பொருந்தின. 'போதும்' என்று சொல்பவர் அகப்பட்டுவிட்டார். இரு குழுவினரின் கட்டுரைகளும் 1993 டிசம்பரில் 'செல்' என்னும் ஆய்விதழில் அடுத்தடுத்து வெளிவந்தன. அம்ப்ரோஸ் குழுவின் கட்டுரையில் முதற்பெயர் ரோசலிண்ட் லீயினுடையது. அவர் அம்ப்ரோஸின் மனைவியும் ஆவார். 2024-ஆம் ஆண்டுப் பரிசு அம்ப்ரோஸுக்கும் ருவ்குனுக்கும் மட்டுமே சென்றது. பரிசை மூவர்வரை பகிர்ந்துகொள்ள விதி இடமளிக்கிறது என்பதால், எனக்கு அதில் சிறு மனக்குறை உண்டு.

கண்டுபிடிப்புக்கு அன்று பெரிய வரவேற்பு எதுவும் இல்லை. அதற்கு முன்பே ஹார்வர்டு அம்ப்ரோஸுக்கு நிரந்தரப் பேராசிரியர் பதவி தர மறுத்திருந்தது. அவர் 1992-இல் டார்ட்மவுத் கல்லூரிக்கு மாறினார். 22 எழுத்துத் துண்டு என்பது அந்தப் புழுவுக்கு மட்டும் உரிய விசித்திரம் என்றே பலரும் எண்ணினர். ஏழு ஆண்டுகள் அவ்வாறே கழிந்தன. 2000-இல் ருவ்குன் குழுவினர் லெட்-7 என்னும் இரண்டாவது மைக்ரோ ஆர்.என்.ஏ.வைக் கண்டனர். அது புழுவில் மட்டுமின்றி ஈ, மீன், மனிதன் என எங்கும் மாற்றமின்றி இருந்தது. அதன்பின் வெள்ளம் கரையுடைத்தது. 2001-இல் அம்ப்ரோஸ் குழு உள்ளிட்ட மூன்று குழுக்கள் ஏராளமானவற்றை ஒரே சமயத்தில் வெளியிட்டு, மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று பெயரும் இட்டன. மனிதருக்கு அத்தகையவை ஆயிரத்துக்கும் மேல் உள்ளன என்பது இன்றைய கணக்கு.

காலி இடத்தில் இருந்தது

இனி, பெரியவரின் அறிக்கைக்கு வருவோம். '13' என்பது பதின்மூன்றாம் குரோமோசோம். 'க்யூ' என்பது அதன் நீண்ட கை. '14' என்பது அக்கையில் ஒரு முகவரி. சி.எல்.எல். நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோரின் புற்றணுக்களில் இம்முகவரி காணாமற்போயிருக்கும். இத்தனை பேரிடம் ஒரே இடம் காணாமற்போகிறது என்றால், புற்றுநோயைத் தடுத்து நிறுத்தும் ஏதோ ஒரு மரபணு அங்கே இருந்திருக்க வேண்டும். 1990-களில் பல ஆய்வகங்கள் அதைத் தேடின. அங்கிருந்த புரத மரபணுக்களை ஒவ்வொன்றாகச் சோதித்தும் குற்றவாளி அகப்படவில்லை.

ருமேனியாவில் மருத்துவம் பயின்றவர் ஜார்ஜ் காலின். இவர் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் கார்லோ குரோச்சேயின் ஆய்வகத்தில் இத்தேடலில் ஈடுபட்டிருந்தார். மைக்ரோ ஆர்.என்.ஏ. பற்றிய கட்டுரைகள் வந்ததும் கேள்வியை மாற்றிக் கேட்டார்கள்: அங்கே இருந்தது புரத மரபணுவாகத்தான் இருக்கவேண்டுமா? பார்த்தபோது, காணாமற்போகும் அந்தச் சிறிய பகுதியில் இரண்டு மைக்ரோ ஆர்.என்.ஏ. மரபணுக்கள் அருகருகே இருந்தன. மிர்-15, மிர்-16 என்பவை அவற்றின் பெயர்கள். சி.எல்.எல். நோயாளிகளில் ஏறத்தாழ 68 சதவீதத்தினரிடம் இவ்விரண்டும் இல்லை, அல்லது குறைந்திருந்தன. இது வெளியான ஆண்டு 2002. மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்கும் மனிதப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை முதன்முதலில் காட்டிய ஆய்வு இதுவே. அதன்பின் எலிகளில் இப்பகுதியை நீக்கியபோது அவற்றுக்குச் சி.எல்.எல். போன்ற நோய் வந்தது என்பதை 2010-இல் வேறொரு குழு காட்டியது.

இவ்விரு துண்டுகளும் யாரைப் பார்த்து 'போதும்' என்கின்றன? 2005-இல் விடை கிடைத்தது. பி.சி.எல்.-2 என்னும் புரதத்தை அவை கட்டுப்படுத்துகின்றன. வயது முதிர்ந்த, பழுதடைந்த உயிரணுக்கள் தாமாகவே மடிந்துபோவது உடலின் நியதி. பி.சி.எல்.-2 மிகுந்தால் அவ்வுயிரணு மடிய மறுக்கிறது. சி.எல்.எல். பெரும்பாலும் வெறிகொண்டு பெருகும் நோயன்று; சாகவேண்டிய அணுக்கள் சாகாமல் தங்கிக் குவியும் நோய். அதனாலேயே அது மெதுவாக நகர்கிறது.

பி.சி.எல்.-2 புரதத்தைத் தடுக்கும் வெனெட்டோகிளாக்ஸ் என்னும் மாத்திரையை நம் வாசகர்களில் சிலர் உட்கொண்டு வருகிறீர்கள். 2016-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து இது. மைக்ரோ ஆர்.என்.ஏ. ஆராய்ச்சியிலிருந்து பிறந்த மருந்து என்று இதைச் சொன்னால் அது தவறு. பி.சி.எல்.-2 வேறொரு வகை நிணநீர்ப் புற்றுநோயில் 1980-களிலேயே கண்டறியப்பட்டுவிட்டது. மருந்தும் அவ்வழியில் வந்ததே. ஆயினும் காணாமற்போன அந்தச் சிறு துண்டுகள் செய்திருக்க வேண்டிய வேலையின் ஒரு பகுதியை இம்மாத்திரை செய்கிறது என்று புரிந்துகொள்வதில் பிழையில்லை. முதல் ஐந்து வாரங்கள் 20 மில்லிகிராமில் தொடங்கிப் படிப்படியாக 400 மில்லிகிராம்வரை உயர்த்துவதற்கும், நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி அடிக்கடி இரத்தம் எடுப்பதற்கும் காரணம் இதுவே. மடிய மறுத்த அணுக்கள் ஒரேயடியாக மடிந்தால் அவற்றின் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கும். அந்த வாரங்களில் பரிசோதனை நாளைத் தள்ளிப்போட வேண்டாம்.

இனி மகனுடைய கேள்விக்கு விடை. காணாமற்போனது தந்தையின் உடலிலிருந்து அன்று. அவருடைய புற்றணுக்களிலிருந்து மட்டுமே. அது பிறவியில் வந்ததன்று, பிள்ளைகளுக்குக் கடத்தப்படுவதுமன்று. மேலும், வேறு மாற்றங்கள் எதுவும் இல்லாமல் இது ஒன்று மட்டும் இருப்பது சி.எல்.எல். நோயில் நல்ல அறிகுறி. 2000-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் 325 நோயாளிகளைக் கொண்டு வெளியிட்ட ஆய்வில், 13க்யூ நீக்கம் மட்டும் இருந்தவர்களின் நடுமதிப்பு ஆயுட்காலம் 133 மாதங்கள். பதினேழாம் குரோமோசோமின் குட்டைக் கையில் நீக்கம் இருந்தவர்களுக்கு அது 32 மாதங்கள். இன்றைய மருந்துகள் எதுவும் இல்லாத காலத்துக் கணக்கு அது. சிவப்பு மையால் அடிக்கோடிட்ட வரி, அவ்வறிக்கையிலேயே ஆறுதலான வரி என்பதை நான் முதல்நாளே சொல்லியிருக்க வேண்டும். அறிக்கையை அவரிடம் கொடுத்த நாளில் நான் ஊரில் இல்லை என்பது காரணமாகலாம். ஆனால் அவர்கள் மூன்று வாரம் தூங்காதிருந்ததற்கு அது சமாதானமாகாது.

திருப்பிக் கொடுத்தால் என்ன?

காணாமற்போன மைக்ரோ ஆர்.என்.ஏ.வைச் செயற்கையாகச் செய்து ஊசியில் ஏற்றினால் நோய் தீராதா? நியாயமான கேள்வி. சி.எல்.எல். மட்டுமன்று, வேறு பல புற்றுநோய்களிலும் இத்துண்டுகள் குறைந்தோ மிகுந்தோ இருக்கின்றன. நுரையீரல் புற்றுக் கட்டிகளில் லெட்-7 குறைந்திருப்பவர்கள் அறுவைச் சிகிச்சைக்குப்பின் குறைந்த காலமே வாழ்வதை ஜப்பானிய மருத்துவர்கள் 2004-இல் கண்டனர். ராஸ் என்னும் புற்றுநோய் மரபணுவை லெட்-7 அடக்குகிறது என்று அடுத்த ஆண்டு தெரிந்தது. மாறாக, மிர்-21 போன்றவை பல கட்டிகளில் அளவுக்கு மிஞ்சிப் பெருகி நோய்க்குத் துணைபோகின்றன.

எனவே சோதித்தும் பார்த்தார்கள். மிர்-34 என்னும் துண்டின் செயற்கை வடிவத்தைக் கொழுப்புக் குமிழியில் அடைத்து உருவாக்கிய எம்.ஆர்.எக்ஸ்.34 என்ற மருந்து, மனிதருக்கு முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட மைக்ரோ ஆர்.என்.ஏ. புற்றுநோய் மருந்து. கல்லீரல் புற்று உள்ளிட்ட முற்றிய நோய்கள் உடையவர்களிடம் 2013-இல் பரிசோதனை தொடங்கியது. 85 பேர் சேர்ந்தனர். மூவருக்குக் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. ஆனால் நோயெதிர்ப்பு மண்டலம் கட்டுக்கடங்காமல் சீறியதில் நான்கு பேர் உயிரிழந்தனர். 2016 செப்டம்பரில் பரிசோதனை நிறுத்தப்பட்டது.

இதை ஏன் நோயாளிகளுக்கான இதழில் எழுதவேண்டும் என்று என் சக மருத்துவர் ஒருவர் கேட்டார். அந்த நால்வரும் நம்மைப் போன்ற ஒரு புறநோயாளிப் பிரிவில் காத்திருந்து, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டவர்கள். அவர்களைச் சொல்லாமல் நோபல் பரிசை மட்டும் சொன்னால் கதை பாதிதான். எங்கே தவறுகிறது என்பதும் ஓரளவு புரிந்தது. 'போதும்' என்று சொல்பவர் ஒரே ஒரு பண்டத்துக்கு மட்டும் அப்படிச் சொல்வதில்லை. ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. நூற்றுக்கணக்கான சீட்டுகளைப் பார்க்கிறது. கட்டிக்குள் மட்டும் அவரை அனுப்புவது எப்படி என்பது இன்னும் தீராத சிக்கல். ஆஸ்திரேலியாவில் கல்நார்த் தூசியால் நுரையீரல் உறையில் வரும் புற்றுநோய்க்கு, மேலே கண்ட மிர்-16 இனத்துத் துண்டையே பாக்டீரியாவிலிருந்து எடுத்த நுண்பைகளில் வைத்துக் கொடுத்துப் பார்த்தனர். 2017-இல் வெளியான முடிவின்படி மருந்து பெற்ற 26 பேரில் 22 பேரை ஸ்கேன் மூலம் மதிப்பிட முடிந்தது. ஒருவருக்குக் கட்டி சுருங்கியது. 15 பேருக்கு வளராமல் நின்றது. நம்பிக்கை தரும் தொடக்கம். ஆனால் தொடக்கம் மட்டுமே. இன்றுவரை எந்தப் புற்றுநோய்க்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ. மருந்து வழக்கச் சிகிச்சையாக இல்லை. யாரேனும் இருப்பதாகக் கூறிப் பணம் கேட்டால் தயங்காமல் எங்களிடம் வந்து கேளுங்கள். முறையான மருந்துப் பரிசோதனை என்றால் அது இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். அப்பதிவு எண்ணைக் கேட்பது உங்கள் உரிமை. சேர்ந்தபின் விலகுவதும் உரிமையே. விலகினால் வழக்கமான சிகிச்சை நின்றுவிடாது.

அந்த விளம்பரம்

பரிசோதனைகளின் நிலை சற்று மேலானது. இங்கே உண்மையும் மிகையும் கலந்திருப்பதால்தான் கவனம் வேண்டும். பி.சி.ஏ.3 என்பது புரதக் குறியீடு இல்லாத ஒரு நீண்ட ஆர்.என்.ஏ.; ஆண்களின் புரோஸ்டேட் சுரப்பிப் புற்றில் மிகுந்து சிறுநீரில் தென்படும். ஒருமுறை திசு எடுத்துப் பார்த்துப் புற்று இல்லை என்று வந்தவருக்கு மீண்டும் திசு எடுக்கவேண்டுமா என்று முடிவுசெய்ய உதவும் பரிசோதனையாக 2012-இல் அமெரிக்காவில் அது அனுமதி பெற்றது. எவ்வளவு குறுகிய கேள்வி என்று பாருங்கள். நல்ல பரிசோதனையின் இலக்கணமே அதுதான்: யாருக்கு, எப்போது, எந்த முடிவுக்காக என்பது தெளிவாக இருக்கும்.

விரைப் புற்றுநோயில் மிர்-371 என்னும் துண்டை இரத்தத்தில் அளந்து பார்க்கும் முறையும் அவ்வாறே. ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், நோயுள்ளவர்களில் சுமார் 90 சதவீதத்தினரை அது கண்டுகொண்டது. பழைய இரத்தக் குறியீடுகளைவிட இது மேல். ஆனால் டெரட்டோமா என்னும் ஒருவகைக் கட்டியை அதனால் காண இயலாது. இளம் வயதினருக்கு வரும் இப்புற்றுநோயின் கண்காணிப்பில் வருங்காலத்தில் அது இடம்பெறும் என்று நான் எதிர்பார்க்கிறேன்.

'எல்லாப் புற்றுநோய்க்கும் ஒரே சொட்டு' என்பது இவற்றைப் போன்றதன்று. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்துகொண்டிருந்த ஒருவரின் மனைவி, அத்தகைய பரிசோதனை ஒன்றைச் செய்துகொள்ளலாமா என்று கேட்டார். அவசரத்தில் இருந்தேன். "அதெல்லாம் ஆராய்ச்சி அம்மா" என்று மட்டும் சொல்லி அடுத்தவரை அழைத்துவிட்டேன். ஆராய்ச்சி என்ற சொல்லை அவர் உயர்ந்தது என்று பொருள்கொண்டார். தமக்கே அப்பரிசோதனையைச் செய்துகொண்டார்; 'அதிக ஆபத்து' என்று முடிவு வந்தது. எந்த உறுப்பில் என்று அது சொல்லவில்லை. அடுத்த இரண்டு மாதங்களில் ஸ்கேன்கள், எண்டோஸ்கோப்பி, மீண்டும் ஸ்கேன். எதிலும் ஒன்றும் இல்லை. கணவரின் மருந்துக்கென வைத்திருந்த பணத்தில் பெரும்பகுதி அதில் கரைந்தது. அன்று நான் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசியிருந்தால் நடந்திருக்காது.

ஆகவே இப்போது ஐந்து நிமிடம் ஒதுக்கிச் சொல்கிறேன். உடலில் காயமோ, தொற்றோ, சர்க்கரை நோயோ, புகைப்பழக்கமோ எதுவானாலும் இரத்தத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ. அளவுகள் மாறும். இரத்தம் எடுத்தபின் எவ்வளவு நேரம் குழாயில் இருந்தது, எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தனவா என்பதாலும் மாறும். எனவே ஒரு பரிசோதனையைச் செய்வதற்கு முன் கேட்கவேண்டியது, 'இதன் முடிவு எப்படி வந்தால் என் சிகிச்சையில் எது மாறும்?' என்பதே. பதில் சொல்ல இயலாதவரிடம் இரத்தம் கொடுக்க வேண்டாம்.

ஒரே ஒரு விதிவிலக்கைக் குறிப்பிட வேண்டும். மைக்ரோ ஆர்.என்.ஏ.வை உரிய நீளத்துக்கு வெட்டித் தரும் டைசர் என்னும் நொதியின் மரபணு பிறவியிலேயே பழுதாகிச் சில குடும்பங்களில் தொடர்வதுண்டு. அக்குடும்பக் குழந்தைகளுக்கு மிக அரிதான நுரையீரல் கட்டி வரலாம். தைராய்டு, சினைப்பைக் கட்டிகளும் உண்டு. அங்கே மரபணுப் பரிசோதனைக்குத் தெளிவான பயன் இருக்கிறது. முன்கூட்டியே அறிந்தால் குழந்தையைக் கண்காணிக்க இயலும். குழந்தைப் புற்றுநோய்ப் பிரிவில் உள்ள குடும்பங்கள் மரபியல் ஆலோசகரிடம் இது தங்களுக்குப் பொருந்துமா என்று கேட்டுக்கொள்ளலாம்.

காத்திருத்தல்

பெரியவர் அதுவரை பேசவில்லை. மகன் அமைதியானதும், "அப்போ எனக்கு இப்ப ஒண்ணும் செய்யவேண்டாமா?" என்று கேட்டார். ஒன்றும் செய்யாதிருத்தல் என்பது அலட்சியமன்று என்று விளக்கினேன். தொந்தரவு இல்லாத தொடக்கநிலைச் சி.எல்.எல். நோயாளிகளுக்கு உடனே குளோராம்பூசில் மாத்திரை கொடுத்தும், கொடுக்காமல் காத்திருந்தும் பிரெஞ்சு மருத்துவர்கள் ஒப்பிட்டனர். 1998-இல் வெளியான முடிவு: முன்கூட்டிக் கொடுத்ததால் ஆயுள் கூடவில்லை. ஹீமோகுளோபின் 10-க்குக் கீழ் இறங்குதல், தட்டணுக்கள் ஒரு இலட்சத்துக்குக் கீழ் குறைதல், நிணவணுக்களின் எண்ணிக்கை ஆறு மாதத்துக்குள் இருமடங்காதல், காரணமற்ற காய்ச்சல், உடையை நனைக்கும் இரவு வியர்வை, ஆறு மாதத்தில் உடல் எடையில் பத்திலொரு பங்கு குறைதல், கழுத்து அல்லது அக்குள் நெறிகள் வேகமாகப் பெருத்தல் போன்றவை தோன்றும்போது சிகிச்சையைத் தொடங்குவதைப் பற்றி முடிவு செய்வோம். அதுவரை அவர் செய்யவேண்டியது உண்டு. இன்ஃபுளுவென்சா, நிமோனியாத் தடுப்பூசிகள் போட்டுக்கொள்வது. உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசிகளைத் தவிர்ப்பது. காய்ச்சல் வந்தால் இரண்டு நாள் பார்க்கலாம் என்று வீட்டிலிருக்காமல் அன்றே வருவது.

மகன் விளம்பரத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நறுக்கை என்னிடம் கொடுத்துவிட்டார். எழும்போது ஒரு கேள்வி கேட்டார்: ஃபிஷ் பரிசோதனையை ஆண்டுதோறும் எடுக்கவேண்டுமா? வேண்டாம். ஆனால் என்றேனும் சிகிச்சையைத் தொடங்கும் நாள் வந்தால், முதல் மருந்துக்கு முன்பாக அதை மீண்டும் எடுக்க வேண்டும். இடைப்பட்ட காலத்தில் பதினேழாம் குரோமோசோமில் புதிதாக மாற்றம் தோன்றியிருந்தால் தேர்ந்தெடுக்கும் மருந்தே வேறாகும். பழைய அறிக்கையையும் அன்று மறவாமல் கொண்டுவரச் சொன்னேன். சிவப்புக் கோட்டுடனேயே இருக்கட்டும்.